பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்

அச்சன்புதூரில் நின்று மேற்கே பார்த்தால் மலை. அந்தப் பக்கம் பண்பொழி திருமலைக் கோயில். சுற்றிலும் வயல், தென்னந்தோப்பு, குளம். சீசன் மாதங்களில் குற்றாலத்துச் சாரல் இங்கேயும் ஒரு நடை வந்து தெருவை நனைத்துவிட்டுப் போகும். ஊர் சின்னதுதான். ஆனால் வெளிநாடு என்ற சொல் இங்கே யாருக்கும் புதிதில்லை. கடையநல்லூர், தென்காசி வட்டாரத்து மக்கள் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறத் தொடங்கி மூன்று தலைமுறைக்கு மேல் ஆகிறது. அப்படிப் போன கடையநல்லூர்க்காரர்கள் 1946ல் அங்கே உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியே தொடங்கினார்கள். அதன் பிறகு துபாய், சவுதி, குவைத் என்று வரிசையாகப் பெயர்கள் சேர்ந்துகொண்டன.

அவர்கள் எல்லாரும் சம்பாதிக்கப் போனவர்கள். கடன் வாங்கி டிக்கெட் எடுத்தாலும், போன மாதமே சம்பளம் வரும். ஒரு வருஷத்தில் கடன் அடையும். படிக்கப் போவது அப்படியல்ல. இரண்டு வருஷம் பணம் போய்க்கொண்டே இருக்கும். திரும்ப வருமா என்பது யாருக்கும் தெரியாது. அதனால்தான் அந்த வீட்டு மகள் 2024 ஜூலையில் "மேல்படிப்புக்கு வெளிநாடு போகலாம்னு இருக்கேன்பா" என்று போனில் சொன்னபோது, அப்பா வெகுநேரம் பேசவில்லை.

அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். தேங்காய், வாழைத்தார், சில நாள் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி. அம்மா பீடி சுற்றுகிறார். கல்யாணமாகி வந்த நாள் முதல் மடியில் பீடித் தட்டு இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. குளத்துப் பாசனத்தில் ஒரு ஏக்கர் நஞ்சை உண்டு. தாத்தா வாங்கியது. அதன் பத்திரம் தகரப் பெட்டியில், பட்டுச் சேலைக்கு அடியில் இருக்கிறது.

மகள் சிவில் எஞ்சினீயரிங் முடித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். குளம், கால்வாய், வெள்ள வடிகால் என்று அளந்து கணக்குப் போடும் வேலை. நீர்வளத்தில் முதுகலை படித்தால்தான் அடுத்த படி என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆசைக்கு வழி தெரிந்தது. பணத்துக்கு வழி தெரியவில்லை.

முதலில் போனது எல்லாரும் போகும் இடத்துக்குத்தான். திருநெல்வேலியில் ஒரு கன்சல்டன்சி. ஏ.சி. அறை, சுவரெல்லாம் கொடிகள், கையில் காபி. பதினைந்து நிமிஷத்தில் இங்கிலாந்தில் ஒரு வருஷப் படிப்புக்கு ஒரு தாள் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். கட்டணம், விசா, தங்கும் செலவு எல்லாம் சேர்த்து முப்பது லட்சத்துக்கு மேல். "சொத்துப் பத்திரம் ஏதாவது இருக்கா சார்? இருந்தா எடுத்துட்டு வாங்க, லோனை நாங்களே முடிச்சுக் குடுத்துடுவோம்" என்று சிரித்த முகமாகச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் வயலுக்குப் போய் வரப்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு தெரு தள்ளி ஒரு பையன் இப்படித்தான் போனான். படிப்பு முடிந்தும் சரியான வேலை கிடைக்கவில்லை. இங்கே வீட்டுப் பத்திரத்துக்கு மாதாமாதம் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பாவுக்கு அது தெரியும். மகளிடம் முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அம்மாதான் கேட்டார், தூளை இலையில் பரப்பிக்கொண்டே: "ஏட்டி, அந்தாளு நம்மகிட்ட ஒத்தப் பைசா வாங்கலைங்கிற. அப்போ அவ்வளவு பெரிய கடைக்கு வாடகை யாரு குடுக்கா? அவருக்கு யாரு சம்பளம் குடுக்கா?"

மகளிடம் பதில் இல்லை. தேடினாள். பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள், மாணவரைச் சேர்த்துவிடும் முகவருக்குக் கட்டணத்தில் ஒரு பங்கைக் கமிஷனாகக் கொடுக்கின்றன. இதில் சட்டவிரோதம் ஒன்றுமில்லை. ஆனால் கட்டணமே வாங்காத ஒரு பல்கலைக்கழகம் எதிலிருந்து கமிஷன் கொடுக்கும்? அதனால் அந்தப் பெயர்கள் அந்தத் தாளில் வரவே வராது. மலிவான வழிகள் மறைக்கப்படவில்லை. அவற்றைச் சொல்வதால் யாருக்கும் வரும்படி இல்லை, அவ்வளவுதான்.

அன்று இரவே அவள் பழைய டைரி ஒன்றில் மூன்று பத்தி போட்டாள். படிப்புக் கட்டணம், அங்கே சாப்பாடும் தங்கலும், போய்ச் சேரும் செலவு. ஊரில் எல்லாரும் முதலில் கேட்பது மூன்றாவதைத்தான்: "பிளேனுக்கே லட்சக்கணக்கில் ஆகுமே?" உண்மையில் மூன்றிலும் சின்னது அதுதான். இங்கிலாந்து கணக்கில் விசாக் கட்டணம் 2024ல் 490 பவுண்டாக இருந்தது. மருத்துவச் சேவைக்கான கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. ஒரு வருஷப் படிப்புக்கு விசா பதினாறு மாதம் என்பதால் அது ஒன்றரை மடங்காகி 1,164. இரண்டும் சேர்ந்து அன்றைய மதிப்பில் ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய். விமான டிக்கெட்டை விட நாலு மடங்கு, வெறும் அனுமதிக்கு.

இந்த மூன்று பத்திக் கணக்கு ஒன்றும் புதிதில்லை. 1914 மார்ச் 17 அன்று சென்னையில் 'நெவாசா' கப்பல் ஏறிய ராமானுஜனுக்கும் இதே கணக்குதான். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு கொடுத்தது. அதில் 50 பவுண்டு இங்கே குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டது. டிரினிட்டி கல்லூரி 60 பவுண்டு சேர்த்துக் கொடுத்தது. கையில் காசு இல்லாத குமாஸ்தா கடல் கடந்தது, மூன்று பத்தியையும் வேறு யாரோ நிரப்பியதால். சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் கற்பித்துக்கொண்டிருந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள் 1920களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனதும், ஆசியப் பெண்களுக்கென்றே அங்கே இருந்த பார்பர் உதவித்தொகையில்தான்.

இன்றைக்கும் மூன்றையும் நிரப்பிக் கொடுக்கும் வழிகள் இருக்கின்றன. மகள் அவற்றை ஒவ்வொன்றாக எழுதினாள். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ்: கட்டணம் கிடையாது, மாதம் 1,400 யூரோ கைக்கு வரும். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை: கட்டணம், மாதச் செலவு, போகவர விமான டிக்கெட் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பிரிட்டனின் காமன்வெல்த் உதவித்தொகையிலும் டிக்கெட் உண்டு. ஆராய்ச்சிப் படிப்பு என்றால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, பாடம் நடத்தவோ ஆய்வில் உதவவோ மாதப் பணமும் தருவார்கள். பட்டியலினத்தவர், பழங்குடியினர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும், தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் பெயரிலான அயல்நாட்டு உயர்கல்வித் திட்டமும் இருக்கின்றன. பின்னதில் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பம்பாயில் 1892ல் தொடங்கிய ஜே.என். டாடா அறக்கட்டளை இன்றும் கடன் உதவித்தொகை கொடுக்கிறது.

இவற்றில் சில அவளுக்குப் பொருந்தவில்லை. பொருந்திய இரண்டுக்கு விண்ணப்பித்தாள். ஒன்றில் பதில் "இல்லை" என்று வந்தது. இன்னொன்றில் காத்திருப்போர் பட்டியல். கடைசி வரை அழைப்பு வரவில்லை. ஒரு வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

மிச்சம் இருந்தது, முதல் பத்தியில் பூஜ்யம் போட முடிகிற நாடு. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டு மாணவரிடமும் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. விதிவிலக்கு உண்டு. பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் அரையாண்டுக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 முதல் வாங்கத் தொடங்கிவிட்டது. தனியார் பல்கலைக்கழகங்கள் தனிக் கதை. 'ஜெர்மனியில் சீட்' என்று விளம்பரத்தில் வருவதில் பல அவைதான். மற்ற இடங்களில் அரையாண்டுக்கு ஒருமுறை சில நூறு யூரோ பங்களிப்பு மட்டும். பல ஊர்களில் பஸ், டிராம் பாஸும் அதற்குள் அடக்கம். கிழக்கே டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நீரியலுக்கு ஆங்கிலத்திலேயே ஒரு முதுகலை இருந்தது. அதைத்தான் முதலில் எழுதினாள்.

அப்பாவுக்கு ஒன்றுதான் புரியவில்லை. "பீஸே இல்லைங்காங்க. அப்புறம் எதுக்கும்மா பத்து லட்சம்?"

அது பிளாக்டு அக்கவுன்ட். ஒரு வருஷம் அங்கே தங்கிச் சாப்பிடப் பணம் இருக்கிறது என்று காட்ட, முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுப் பூட்டிவைக்க வேண்டும். அங்கே போன பிறகு மாதாமாதம் ஒரு பங்கு அவள் கைக்கே திரும்ப வரும். மகள் அதை இப்படிச் சொன்னாள்: "குலுக்கையில நெல்லைக் கொட்டி வச்சு மாசாமாசம் எடுக்கிற மாதிரிப்பா. நெல்லு நம்மளோடதுதான். மொத்தமா அள்ள முடியாது, அவ்வளவுதான்." அப்பா தலையாட்டினார். குலுக்கை என்றால் அவருக்குப் புரியும்.

ஆனால் குலுக்கையின் அளவு மாறிக்கொண்டே இருந்தது. அவள் முதலில் கணக்குப் போட்டபோது தேவை 11,208 யூரோ. யூரோ தொண்ணூறு ரூபாய் சொச்சம். 2024 செப்டம்பரில் அதை 11,904 ஆக்கினார்கள். அடுத்த கோடையில் யூரோவும் நூறைத் தாண்டியது. பத்து லட்சமாக இருந்தது பன்னிரண்டு லட்சமாயிற்று. ஒரு வருஷம் காத்திருந்ததற்கு இரண்டு லட்சம்.

அந்த ஒரு வருஷம் சும்மாவும் போகவில்லை. இந்தியச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்று 2022 நவம்பர் முதல் கட்டாயம். அதற்கு 18,000 ரூபாய். ஆங்கிலத் தேர்வுக்கு ஏறக்குறைய அதே அளவு. விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி அசிஸ்ட் நிறுவனத்துக்கு முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தவை ஒவ்வொன்றுக்கும் 30. விசாவுக்கு 75. கன்சல்டன்சி செய்திருக்கும் வேலை எல்லாவற்றையும் அவளே, ராத்திரி அறையில் உட்கார்ந்து செய்தாள். கூடவே ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெர்மன் வகுப்பு. மலிவான வழி என்றால் செலவே இல்லாத வழி என்று அர்த்தமில்லை. பணத்துக்குப் பதில் நாட்களைக் கொடுக்க வேண்டும்.

2025 மே மாதம் டிரெஸ்டனிலிருந்து இடம் கிடைத்தது. அடுத்தது வங்கி.

முதல் நாள் மேனேஜர் கேட்ட முதல் கேள்வி: "ப்ராப்பர்ட்டி ஏதாவது இருக்கா?" அப்பா வாயைத் திறப்பதற்குள் மகள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அந்த வங்கியின் வலைத்தளத்திலேயே இருந்த கல்விக் கடன் விதி. ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு தேவையில்லை. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். அதற்கு மேலே போனால்தான் பத்திரம். மேனேஜர் தாளை வாங்கிப் படித்தார். "வித்யாலட்சுமி போர்ட்டல்ல அப்ளை பண்ணிட்டு வாங்க" என்றார். பண்ணிவிட்டுத்தான் வந்திருந்தாள். ஐந்து நடை நடக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு நடைக்கும் ஒரு காகிதம். ஆறாம் நடையில் ஏழரை லட்சம் கிடைத்தது.

பிளாக்டு அக்கவுன்ட் பன்னிரண்டு லட்சம். பரீட்சை, சான்று, விசா, டிக்கெட், முதல் மாத வாடகை, முன்பணம் எல்லாம் சேர்த்து இன்னும் இரண்டு. மொத்தம் பதினான்கு லட்சம். வங்கி கொடுத்தது போக அவளுடைய மூன்று வருஷச் சேமிப்பு மூன்று லட்சத்து இருபதாயிரம். சிங்கப்பூரில் இருக்கும் மாமா வட்டியில்லாமல் ஒரு லட்சத்து இருபதாயிரம் தந்தார். இன்னும் இரண்டு லட்சத்துச் சொச்சம் இடித்தது. யூரோ ஏறியதால் விழுந்த பள்ளம் அது.

அன்று ராத்திரி அப்பா தகரப் பெட்டியைத் திறந்தார். சேலையைத் தூக்கினார். அம்மா எழுந்து போய்ப் பெட்டியை மூடினார்.

"அது அங்கயே கெடக்கட்டும்."

பீடிக் கம்பெனியில் அவர் பெயரில் வைப்பு நிதி பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளையின் படிப்புக்கென்று அதில் ஒரு பகுதியை எடுக்க விதியில் இடம் உண்டு. அத்தனை வருஷமும் அதை அவர் தன் பணம் என்று நினைத்ததே இல்லை. அட்டையில் இருக்கும் ஒரு எண், அவ்வளவுதான். எடுத்தபோது தொண்ணூறாயிரம் வந்தது. மீதிக்குக் கழுத்துச் சங்கிலியும் வளையலும் கூட்டுறவு வங்கியில் நகைக் கடனுக்குப் போயின. நகை போனால் மீட்டுக்கொள்ளலாம், நிலம் போனால் போனதுதான் என்பது அவர் கணக்கு.

டிக்கெட் கடைசியில்தான் வந்தது. விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வரும் வரை எடுக்கவில்லை. சென்னையிலிருந்தே தேடிக்கொண்டிருந்தவளுக்கு ஒருநாள் உறைத்தது: ஊரிலிருந்து சென்னை ஒரு ராத்திரிப் பயணம், செங்கோட்டை, ஆரியங்காவு கணவாய் வழியாகத் திருவனந்தபுரம் அரை நாள் கூட இல்லை. வளைகுடாவுக்குப் போகிறவர்களால் நிறையும் விமானநிலையம் அது. அங்கே மாறி ஐரோப்பா போகலாம். இறங்கும் இடத்தையும் யோசித்தாள். எல்லாரும் சொல்வது பிராங்க்பர்ட். டிரெஸ்டனுக்குப் பக்கம் பெர்லின். அங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரச் சொச்சம். பல விமான நிறுவனங்கள் மாணவர்களுக்கென்று தனிக் கட்டணம் வைத்திருக்கின்றன. அதில் தள்ளுபடியை விடப் பெரிய லாபம், கூடுதலாகக் கொண்டுபோக விடும் எடை. குளிர் கோட்டும் குக்கரும் மிளகாய்த் தூளும் அந்தப் பத்துக் கிலோவுக்குள்தான் போயின. தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுத்தால் இன்னும் மூவாயிரம் மிச்சம் என்று காட்டியது. எடுக்கவில்லை. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது காத்திருக்காது. புது டிக்கெட் விலை முழுதாகக் கையை விட்டுப் போகும். ஒரே பதிவில், 38,000 ரூபாய்க்கு எடுத்தாள்.

செப்டம்பர் கடைசி வாரம் கிளம்பினாள். அக்டோபர் 1 அன்று அரையாண்டு தொடக்கம். முதல் மாதங்கள் லேசாக இல்லை. நாலு மணிக்கே இருட்டிவிடும் குளிர்காலம், கடையில் கேட்டது புரியாமல் திரும்பி வந்த நாட்கள், விடுதி அறை கிடைக்கும் வரை ஒரு தோழியின் அறையில் தரைப் படுக்கை. மாணவர்கள் வருஷத்தில் 140 முழு நாள் வேலை பார்க்கலாம். சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ. வாரம் சில மணி நேரம் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. அந்த வரும்படி சாப்பாட்டுக்கு ஆகும், வட்டிக்கு ஆகும். கட்டணம் வாங்குகிற படிப்பாக இருந்திருந்தால் அதற்கு ஆகாது. "அங்க போய் வேலை பாத்துக் கட்டிடலாம்" என்று யாராவது சொன்னால், எத்தனை மணி நேரம், எத்தனை யூரோ என்று பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். இரண்டாம் வருஷ அனுமதியைப் புதுப்பிக்கும்போது மறுபடியும் பணம் காட்ட வேண்டும். அந்தக் கவலை இன்னும் தீரவில்லை.

வீட்டில் கடன் இருக்கிறது. நகை வங்கியில் இருக்கிறது. அந்த ஐப்பசியில் அப்பா வழக்கம்போலப் பிசானத்துக்கு நாற்றங்கால் போட்டார். தை கழிந்து அறுப்பு. அரிசி விற்ற பணத்தில் முதல் வேலையாக நகைக் கடனுக்கு வட்டி கட்டினார்.

இப்போது தெருவில் பன்னிரண்டாம் வகுப்பு, காலேஜ் படிக்கும் பிள்ளைகள் அந்த வீட்டுக்கு வருகிறார்கள். அக்கா எப்படிப் போனாள், எந்த ஏஜென்ட், எவ்வளவு ஆயிற்று என்று கேட்கிறார்கள். அம்மாவுக்கு யூனி அசிஸ்ட்டும் தெரியாது, எராஸ்மஸும் தெரியாது. டைரியை எடுத்துக் கொடுத்துவிடுவார். யாராவது கன்சல்டன்சியில் அடித்துக் கொடுத்த தாளோடு வந்தால் மட்டும், தட்டை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

"அந்தாளுக்கு யாரு சம்பளம் குடுக்காங்கன்னு கேட்டியா?"